குஞ்சுக் கிண்ணத்தில் மண்

"பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான். வேற யாரு? அந்த மனுஷனுக்குத்தான் நம்ம கோழிங்களைக் கண்டாலே ஆகாது!"

நான் இந்தக் கத்து கத்தறேன், என் வீட்டுக்காரர் பேப்பரைக்கூடக் கீழே இறக்கலை.

"இப்ப என்ன பண்ணிட்டாராம்?"

"குஞ்சுங்க கிண்ணத்துல மண்ணைக் கொட்டி வெச்சிருக்காரு. முந்தாநாள், நேத்து, இன்னிக்கு!"

"மண்ணுதானே? தட்டிட்டு வை."

இவர்கிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க.

கோழிக்குப் பல்லா இருக்கு? தின்ன தீனி அரையணும்னா வயித்துல கெட்டியா ஏதாவது கிடக்கணும். இது தெரியாமயா நான் கோழி வளர்க்கறேன்? அதுக்குன்னே கடையில கிளிஞ்சல் வாங்குவேன். பெரிய கோழிங்களுக்கு அப்படியே வைப்பேன். குஞ்சுங்களுக்குத் தொண்டை சின்னதாச்சே, அதுங்களுக்கு மட்டும் உரல்ல போட்டு நைசா இடிப்பேன். இடிச்சு இடிச்சு உள்ளங்கை காய்ச்சுப் போச்சு.

காலையில அதைக் கிண்ணம் நிறைய வெச்சிட்டு வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்து பார்த்தா ஒரு சிட்டிகைகூட இல்லை. அதுக்குப் பதிலா கரகரன்னு மண்ணு. எரிச்சல் வருமா வராதா?

தையல்காரர் லேசுப்பட்டவர் இல்லை. போன வருஷம், "கோழிச் சத்தம் தாங்கலை, எடுக்கச் சொல்லுங்க"ன்னு நகராட்சியில எழுதிக் குடுத்த புண்ணியவான். அதிகாரி வந்து கூண்டைச் சுத்திப் பார்த்துட்டு, "சுத்தமாத்தானே வெச்சிருக்காங்க"ன்னு போயிட்டாரு. அன்னியோட எங்க ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

அதுக்கு அடுத்த மாசம்தான் பதினோரு குஞ்சு பொரிச்சுது. ஒண்ணுகூடத் தங்கலை. ஒண்ணொண்ணா இறக்கையைத் தொங்கப் போட்டு, சுருண்டு சுருண்டு செத்துப் போச்சு. கடைசிக் குஞ்சு என் கையிலதான் போச்சு. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை.

யார் கைவரிசைன்னு அப்பவே எனக்குச் சந்தேகம். சாட்சி இல்லாம என்ன பேச?

இப்ப ஒன்பது குஞ்சு இருக்கு. மூணு வாரம் தாண்டி, காலுக்குள்ள புகுந்து புகுந்து ஓடுதுங்க. முந்தாநாள்தான் இதுங்களுக்கு முதல் தடவையா கிளிஞ்சல் வெச்சேன். இதுங்களையும் பறிகுடுத்துட்டு நிக்க என்னால ஆகாது.

"நாளைக்கு நான் லீவு. கையும் களவுமா பிடிக்கறேன்."

"போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ, என்னைக் கட்டிக்கிட்டு வீணாப் போயிட்டே," என்றார் வீட்டுக்காரர், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் காலையில வழக்கம்போல கிண்ணத்தை நிரப்பினேன். வாசக்கதவை ஊரே கேக்கற மாதிரி சாத்திட்டு, பின்பக்கமா வந்து தண்ணி டிரம்முக்குப் பின்னாடி உட்கார்ந்தேன். கால் மரத்துப் போச்சு. கொசு வேற பிடுங்குது.

கால் மணி நேரம்கூட ஆகலை. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற குட்டைச் சுவருக்கு மேல ஒரு கை நீண்டுச்சு. தோள்ல இஞ்ச் டேப். சாட்சாத் தையல்காரரேதான். சுவரை ஒட்டி இருக்கற கூண்டுக் கதவைத் திறந்து, கிண்ணத்தை எடுத்து, நான் இடிச்ச கிளிஞ்சல் மொத்தத்தையும் ஒரு பையில கவுத்தாரு. அப்புறம் ஒரு பட்டன் டப்பாவைத் திறந்தாரு.

"நில்லுங்க!"

நான் எழுந்து நின்ன வேகத்துல அவருக்கு டப்பா நழுவப் பார்த்துச்சு.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? பெரிய மனுஷன் பண்ற வேலையா இது? போன தடவை பதினொண்ணையும் கொன்னது பத்தலையா? என்ன விஷம் கலந்திருக்கீங்க இதுல?"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்துச்சு. திறக்கட்டுமே! எல்லாரும் பார்க்கட்டும்.

அவர் அந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில போட்டு, நறநறன்னு கடிச்சுக் காட்டித் துப்பினாரு.

"மணல்மா. ரெண்டு தடவை சலிச்சு, கழுவிக் காயவெச்ச மணல். குஞ்சு வயித்துல இரையை அரைக்கறது இதுதான். கிளிஞ்சல் அரைக்காது, கரைஞ்சிடும். முட்டை போடற கோழிக்கு ஓடு கெட்டியாக அது வேணும். குஞ்சுக்கு தினம் அதைக் குடுத்தா உள்ளே எல்லாம் கெட்டுப் போயி சுருண்டுடும்."

சுருண்டுடும்னு அவர் சொன்னதும் கூண்டுக்குள்ள இருந்த குஞ்சுங்களை ஒருதரம் எண்ணிப் பார்த்தேன்.

"உங்களுக்கு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தையலுக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் கோழிப்பண்ணையில வேலை. பத்தாயிரம் கோழி நடுவுல படுத்துத் தூங்கினவன் நான். அதனாலதான் இன்னிக்கும் அந்தச் சத்தம் கேட்டா எனக்கு மண்டை பிளக்குது."

"இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேனே. போன தடவை மூணாவது குஞ்சு செத்த அன்னிக்கு. நான் படியேறினதைப் பார்த்ததுமே கதவை அறைஞ்சு சாத்தினீங்க."

சாத்தினேன். நல்லா ஞாபகம் இருக்கு. வாசல்ல நின்னு அவர் ரெண்டு தடவை கூப்பிட்டதும் ஞாபகம் இருக்கு.

உரல் பிடிச்சுக் காய்ச்சுப் போன கையை எங்கே வெச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியலை. அவர் கிண்ணத்துல மணலை நிரப்பி, கூண்டுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தினாரு. ஒன்பதும் ஓடி வந்து கொத்த ஆரம்பிச்சுதுங்க.

"அப்ப நகராட்சியில எழுதிக் குடுத்தது..." என்று இழுத்தேன்.

"நான்தான் குடுத்தேன். அடுத்த வாரமும் குடுப்பேன், எனக்குக் கோழி ஆகாது," என்றார் காதைத் தேய்த்துக்கொண்டே. "அதுக்காகக் குஞ்சு சாகறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா?"