வியாழக்கிழமை சர்வர்

"இன்னிக்குமா!" கிர்ஸ்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை, மணி சரியாகப் பன்னிரண்டு. அமெரிக்காவின் டுலூத் நகரில் கம்பளி உள்ளாடைக்கு போனில் ஆர்டர் எடுக்கும் அந்த ஆபீஸில், இருபத்திரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே வாசகம்: 'சர்வர் புதுப்பிக்கப்படுகிறது. நாற்பது நிமிடம் பொறுக்கவும்.'

அவள் மேனேஜராக வந்து மூன்றே வாரம். மூன்று வியாழனும் இதே கூத்து. விறுவிறுவென்று, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வெர்லினைத் தேடி சர்வர் அறைக்குப் போனாள்.

"ஏன் வெர்லின், ஊர் உலகமெல்லாம் சர்வர் ஓடுறப்பவே புதுப்பிக்கிறாங்க. நீங்க மட்டும் ஏன் மொத்தமா அணைச்சுப் போடறீங்க?"

"பழைய மெஷின் கிர்ஸ்டன். ஓடுறப்ப கை வச்சா கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்க அது என்ன உங்க மாமியாரா?"

"மாமியார்னா சமாளிச்சிடுவேன்."

"சிரிக்காதீங்க. ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போகுது!"

"நாற்பது நிமிஷத்துல யாருக்கும் உள்ளாடை அவசரம் வந்துடாது."

"போதும். இன்னியோட நீங்க வீட்டுக்குப் போகலாம்."

வெர்லினின் முகம் தொங்கிப்போனது. "ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு..."

கிர்ஸ்டன் காதில் வாங்கவில்லை. ஆதாரத்தோடு ஆளை அனுப்ப வேண்டும். சர்வரின் திரை முன் உட்கார்ந்து, அது கடைசியாக எப்போது அணைக்கப்பட்டது என்று தட்டிப் பார்த்தாள்.

'நிற்காமல் ஓடும் நாட்கள்: 1,147.'

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். 1,147தான்.

"மூணு வருஷமா இதை நீங்க அணைக்கவே இல்லையா?"

"அணைக்காமலே புதுப்பிச்சிடுவேன். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்ப அந்த நாற்பது நிமிஷ வாசகம்?"

வெர்லின் பக்கத்துச் சாப்பாட்டு அறையின் கதவைத் திறந்தார்.

இருபத்திரண்டு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உருளைக்கிழங்கும் கறியும் சீஸுமாக ஆவி பறக்கும் ஹாட்டிஷ்.

"வாங்க கிர்ஸ்டன், உக்காருங்க!" என்றாள் மூத்த ஊழியை மார்லிஸ். "மத்த நாள்ல ஆளுக்குப் பத்து நிமிஷம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நின்னுக்கிட்டே முழுங்கிட்டு ஓடணும். இந்தப் பாழாப்போன சர்வர் மக்கர் பண்றதாலதான் வாரத்துல ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம்!"

அந்த வாசகம் வெர்லினின் கைவேலை என்று அவர்களுக்கும் தெரியாது! கிர்ஸ்டனும் மூன்று வாரமாகத் தனியாக, ஈமெயிலைப் பார்த்துக்கொண்டே சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தவள்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அலறியது. மினியாபொலிஸ் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி டெரில்.

"என்னம்மா, மறுபடியும் சர்வர் நின்னுடுச்சாமே? அந்த ஆள் என்னதான் பண்றாரு?"

வெர்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிர்ஸ்டன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாவம், அவரும் என்னென்னவோ பண்ணிப் பார்க்கிறாரு டெரில். நானே கூட இருந்து பார்த்துட்டேன். நாற்பது நிமிஷம் பத்தவே பத்தாது. அடுத்த வாரத்துலேருந்து ஒரு மணி நேரம் ஆகும்."