மூன்றரை மணி நேரக் கேபிள்

‘ஏப்ரல் 9, புதன். நேற்று மாலைக் கணினி வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். முனை ஒன்றுபோல இருந்தால் எல்லாக் கேபிளும் ஒன்றுதான் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் திட்டவில்லை. ஒரே கோப்பை இரண்டு கேபிள்களில் அனுப்பிக் காட்டினார். போன் சார்ஜர் கேபிளில் பதினோரு நிமிடம். தலையில் மின்னல் குறி போட்ட இன்னொன்றில் பத்து விநாடி! அதை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருக்கிறேன். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று இன்று, வேலை பார்க்கும் வீடியோ ஸ்டூடியோவில் சோதிக்க வேண்டும்’ என்று அவள் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

“டிஸ்க்குலேருந்து காப்பி இன்னும் ஓடுதா?” எடிட்டிங் அறைக்குள் தலையை நீட்டிக் கேட்டார் முதலாளி.

“இப்பத்தானே சார் போட்டேன். ஐநூறு ஜிபி. முடிய ஏழரை ஆகும்,” என்றார் எடிட்டர். தாடி அண்ணன் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

“நாலு மணிக்குப் போட்டு ஏழரையா? கஸ்டமர் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறான்யா. எதிர்க் கடையில அன்னைக்கே குடுக்குறாங்களாம்!”

“கம்ப்யூட்டர் கிழடு சார். என்னை மாதிரி.”

அவள் கீழே பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். புது டிஸ்க் வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான். படம் பிடித்த டிஸ்க் நாலு மணிக்கு வரும். காப்பி முடியும்வரை கம்ப்யூட்டரைத் தொட முடியாது. உதவியாளரான அவளுக்கு வேலை இருக்காது. ஐந்தரைக்குப் பையை எடுத்துவிடுவாள். காப்பி முடிந்த பிறகு தாடி அண்ணன் தனியாக உட்கார்ந்து வெட்டி ஒட்டுவார். அவள் ஆறு மணி வகுப்புக்குப் போய்விடுவாள்.

வகுப்பு விஷயம் முதலாளிக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: “முன்னாடி இருந்தவன் படிக்கப் போறேன்னு பாதியிலே விட்டுட்டு ஓடிட்டான். படிக்கிற ஆள் எனக்கு வேணாம்மா.”

இன்னும் இரண்டு வாரத்தில் தேர்வு. அதுவரை அவர் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“சார், கேபிளை மாத்திப் பாக்கட்டுமா?”

தாடி அண்ணன் வெடுக்கென்று திரும்பினார். “ஏய் ரிஜிஸ்டர், ஓடுற காப்பியை நிறுத்தாதே.” எதையும் நோட்டில் எழுதி வைப்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் அது.

“ஒண்ணும் ஆகாதுண்ணே. ஒரிஜினல் டிஸ்க்குலயே பத்திரமா இருக்கு.”

“சொன்னா கேளு பாப்பா. இன்னைக்கு வேணாம்.”

“மாத்தட்டும்யா. என்ன, குடியா முழுகிடும்?” என்றார் முதலாளி.

காப்பியை முறைப்படி நிறுத்தி, பழைய போன் சார்ஜர் கேபிளைக் கழற்றினாள். மின்னல் குறி போட்டதைச் செருகினாள். மறுபடி காப்பி போட்டாள்.

திரையில் எழுத்து வந்தது: மீதி நேரம் நான்கு நிமிடம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “என்னம்மா, தப்பாக் காட்டுதா?”

“தெரியல சார். தப்பாவும் இருக்கலாம்.”

தப்பில்லை. நாலு நிமிடத்தில் முடிந்தது. அவள் அளவைச் சரிபார்த்தாள். மூன்று காட்சிகளைத் திறந்து ஓடவிட்டாள். நம்பிக்கை வராமல் நாலாவதையும் திறந்தாள். எல்லாம் ஓடின.

முதலாளி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “அடப் பாவிகளா! மூணு மாசமா ஒரு சார்ஜர் வயரோடயா மாரடிச்சோம்? ஏய்யா, இருபது வருஷ சர்வீஸ்னு பீத்திக்கிறியே, இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையா?”

“தெரியல சார். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு.” தாடி அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

“போகட்டும். நாளையிலேருந்து நாலே காலுக்கு எடிட்டிங் ஆரம்பிக்கிறோம். நீயும் எட்டு மணி வரைக்கும் இவன்கூட இரும்மா. கெட்டிக்காரி!”

முதலாளி போய்விட்டார். அவளுக்கு வகுப்பு ஆறு மணிக்கு. எட்டு மணியா?

“அண்ணே, நானே என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேனா?” என்று ஐந்தரை நெருங்கும்போது கேட்டாள்.

“மணியைப் பாரு. கிளம்பு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்க எழுந்து போனார்.

எடுத்த பொருளை இருந்த இடத்தில் வைக்காமல் அவளால் கிளம்ப முடியாது. சார்ஜர் கேபிளைச் சுருட்டி, புது டிஸ்க் வந்த டப்பாவைத் திறந்தாள். அடியில் இன்னொரு கேபிள் இருந்தது. தலையில் மின்னல் குறி.

அந்த ஸ்டூடியோவில் எதைச் சோதித்தாலும் தாள் டேப்பில் தேதி எழுதி ஒட்டுவார்கள். இதிலும் ஒட்டியிருந்தது. தாடி அண்ணனின் கோழிக்கிறுக்கல்: ‘ஐநூறு ஜிபி, நான்கு நிமிடம். நன்றாக இருக்கிறது. ஜனவரி 6.’

தெரியவில்லை என்றாரே!

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

‘ஜனவரி 6, திங்கள். மாலை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். ஐந்தரைக்கு விடச் சொல்லி முதலாளியிடம் கேட்க வாய் வரவில்லை. தாடி அண்ணனிடம் மட்டும் சொல்லி அழுதேன். புது டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருந்தவர், “விடு பாப்பா, நான் பாத்துக்கறேன்” என்றார்.’

பேனாவை எடுத்து, இன்றைய பக்கத்தின் கடைசியில் எழுதினாள்:

‘நாளை செய்ய வேண்டியது: காலை பத்து மணிக்கு முதலாளியிடம் வகுப்பைப் பற்றி நானே சொல்ல வேண்டும்.’