கப்பல்காரர் வீடு

அப்போது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்.

கூடத்தில் அவர். பக்கத்தில் மனைவி நீலாயதாட்சி. பின்னால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய தம்பி வைத்திலிங்கம். அலைபேசித் திரையின் மேல் கட்டத்தில் மகள் மங்கை. கீழ்க் கட்டத்தில் டல்லாஸிலிருந்து மகன் ஞானவேல்.

பிள்ளைகள் இருவரும் வெளியே போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் திரையில்தான் குடும்பம் கூடும்.

அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை.

மங்கைக்குச் சிங்கப்பூரில் வேலை. இந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போயிருந்தாள். அங்கே ஏதோ ஆவணக் காப்பகத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் பதிவேடுகள் இருக்கின்றனவாம். கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்காமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள்.

வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஏன் என்று கேட்டிருப்பாள்.

நாகப்பட்டினத்தில் அவர்கள் வீட்டுக்குக் கப்பல்காரர் வீடு என்று பெயர். கதவு எண் எழுதாத கடிதமும் வந்து சேரும்.

கடைக்காரர் என்றால் கடை அவருடையது. வண்டிக்காரர் என்றால், வண்டி யாருடையதோ, ஓட்டுகிறவர் அவர். கப்பல்காரர் இதில் எந்த வகை என்று ஊர் கேட்கவில்லை. முதல் வகையிலேயே சேர்த்துக்கொண்டது.

அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுவரை தாத்தாவின் பாயில் படுத்தவர். "கப்பல்ல இருந்தேன்" என்றுதான் தாத்தா சொல்வார். அங்கே என்னவாக இருந்தார் என்பதையும் ஒருநாள் சொன்னார்.

தன் பிள்ளைகளுக்குக் கதை சொன்னபோது, 'கப்பலில் இருந்தார்' என்பதைக் 'கப்பல் வைத்திருந்தார்' என்று ஆக்கியது அவர்தான்.

பொய் சொன்னதற்காக ஞானவேலை ஒருமுறை நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தவரும் அவர்தான்.

"என்னக்கா, கப்பல் கெடைச்சுதா? என் பங்கை இப்பவே பிரிச்சுக் குடுத்துடு" என்றான் ஞானவேல்.

"உனக்கு நங்கூரம்தான்டா. கட்டிக்கிட்டு அங்கேயே கெட."

வைத்திலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தான். நீலாயதாட்சியும் சிரித்தாள்.

அவர் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு தாள்.

"ஒரு பதிவு கெடைச்சிருக்குப்பா. ஊர் சரியா இருக்கு, பேரும் சரியா இருக்கு. ஆனா அந்தப் பேர்ல ஊருக்குப் பத்துப் பேர் இருந்திருப்பாங்க. அதான் ஒண்ணு கேக்கணும். கொள்ளுத்தாத்தாவுக்கு இடது மணிக்கட்டுல தீக்காயத் தழும்பு இருந்துச்சா?"

"இருந்தது. காப்புப் போட்ட மாதிரி சுத்தி இருக்கும்."

சொல்லிவிட்டார்.

மங்கை தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தாளை இரண்டாக மடித்தாள்.

"அப்ப இது வேற யாரோப்பா. நம்ம ஆள் இல்ல."

"ஊரு, பேரு எல்லாம் ஒத்துப்போவுதுன்னியேக்கா?"

"இல்லைன்னு சொல்றேன்ல. விடுடா."

பிறகு அம்மாவின் மூட்டு வலியைப் பற்றி விசாரித்தாள். தைலம் மாற்றச் சொன்னாள். வழக்கமாக ஒரு மணி நேரம் பேசுகிறவள், பத்தே நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

ஞானவேலும் விடைபெற்றான். திரை இருண்டது.

அந்தத் தழும்பைப் பார்த்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மனைவியிடம்கூட.

இடது என்றாள். மணிக்கட்டு என்றாள். தீக்காயம் என்றாள்.

தாளில் இல்லாதது அவள் வாயில் எப்படி வரும்?

அந்தத் தாளில் அடையாளம் மட்டுமா இருந்திருக்கும்? பார்த்த வேலையும் இருந்திருக்கும்.

மங்கைக்குப் பொய் வராது. பள்ளிக்கூட நாளிலிருந்தே வராது. அம்மாவையும் தம்பியையும் மாமாவையும் எதிரில் வைத்துக்கொண்டு இன்றைக்குச் சொல்லிவிட்டாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவருக்காக.

ஊர் சிரிக்குமோ என்றுதான் இத்தனை வருடமும் பயந்திருந்தார். மகள் தன்மேல் இரக்கப்படுவாள் என்று நினைத்ததே இல்லை.



"கெடைக்காட்டிப் போவுது, விடுங்க. அதுக்கு ஏன் மொகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் நீலாயதாட்சி.

வாசல் பக்கம் வைத்திலிங்கத்தின் குரல் கேட்டது. அதற்குள் எழுந்து போய், எதிர்வீட்டுச் சபாபதியைக் கேட் அருகே பிடித்து நிறுத்தியிருந்தான்.

"உலக யுத்தத்துல அங்க குண்டு போட்டாங்கல்ல சார், அதுல பதிவெல்லாம் எரிஞ்சுபோச்சாம். மிச்சம் மீதி இருந்ததுலயே அத்தான் வீட்டுக்கு ரெண்டு கப்பல்னு போட்டிருக்காம்."

"ரெண்டா? ஒண்ணுன்னுல்ல நான் கேள்விப்பட்டேன்."

"ரெண்டு சார். எங்க அக்கா மவ பினாங்குலயே நின்னுகிட்டு சொல்றா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவர் எழுந்தார். கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கி, கேட் வரைக்கும் நடந்தார். சபாபதி கும்பிட்டார். வழக்கம்போல, ஒரு படி கூடுதல் மரியாதையோடு.

அவர் பதிலுக்குக் கும்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணும் எரியல, வைத்தி. பதிவு கெடைச்சிருக்கு. எங்க தாத்தாவுக்குக் கப்பல் கெடையாது. அடித்தட்டுல நின்னு பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டாரு. பதினோரு வருஷம்."