ஓட்டைப் பீப்பாய்

அன்று மழை பெய்ததா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை; கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் நின்று கேட்டதுதான். மீதியை இத்தனை வருடங்களில் நானே சேர்த்திருக்கலாம்.

ஆனால் பீப்பாய் நிச்சயம்.

மஸ்கெலியா பழைய டவுனில் எங்களுக்கு இரும்புக் கடை. அறுபத்தைந்தாம் வருடம். தேயிலைத் தோட்டத்து ஆட்களில் இந்தியாவுக்கு இத்தனை பேர், இங்கே இலங்கையில் இத்தனை பேர் என்று இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்ட மறுவருடம். அப்போது தோட்டத்து ஆட்கள் என் கணவர் மீராசாஹிப்பிடம் கேட்டு வந்ததெல்லாம் தகரப் பெட்டிதான். பெட்டி வாங்கினால் கப்பலுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அழகுமுத்துவும் அவன் மனைவி நாகலெட்சுமியும் வந்தார்கள். அழகுமுத்து துரை பங்களாக் குசினியில் சமையல் வேலை பார்த்தவன். துரை சீமைக்கே போய்விட்டார். வேலையும் போய்விட்டது.

நாகலெட்சுமி திரையருகே வந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கையில் இருப்பது ஒரு சாமானுக்குத்தான் போதும். அவளுக்குப் பெட்டி வேண்டும். துறையூரிலிருந்து சித்தப்பா ஒருவர் வரச்சொல்லி எழுதியிருக்கிறார்; அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. புருஷனுக்குப் பீப்பாய் வேண்டும். துரை செய்தது போல தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் காட்டுப்பன்றி இறைச்சியைப் புகை போட்டு பங்களாக்களுக்குக் கொடுத்தால், இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்கிறான்.

"பன்னிக்குன்னு முதலாளிகிட்ட எப்படிங்க சொல்றது? குளிக்கத் தண்ணி காய வைக்கன்னு சொல்லியிருக்காரு."

அந்த மரியாதைதான் வினையாகப் போனது.

குளிக்கத் தண்ணீர் என்றதும் என் கணவர் கடையிலேயே நல்லதை எடுத்து வைத்தார். உள்ளும் புறமும் வெள்ளைப் பூச்சுப் பூசியது, துருவே பிடிக்காது என்றார். அந்தப் பூச்சு நெருப்பில் காய்ந்தால் இறைச்சியில் நஞ்சு ஏறும் என்பது அழகுமுத்துவுக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. நிறம் பிடிக்கவில்லை என்றான்.

அடுத்தது தார்ப் பீப்பாய். அதற்குள் மூக்கை நுழைத்துப் பார்த்து, வேண்டாம் என்றான். வெந்நீருக்கு வாசம் பார்க்கிற ஆளை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

மூலையில் இரண்டு இருந்தன. அடியில் ஓட்டை விழுந்தவை. இதில் ஒன்று போதும் என்றான் அழகுமுத்து.

என் கணவர் அதன் அடியைத் தட்டிக் காட்டினார்.

"ஓட்டப் பீப்பாவுல எங்கய்யா தண்ணி நிக்கும்?"

அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டான். நான் முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

இதற்குள் நாகலெட்சுமி பெட்டிகள் இருந்த பக்கம் போயிருந்தாள். சின்னப் பெட்டிகளைத் தாண்டி, சுவரோரம் இருந்த பெரிய பச்சைப் பெட்டியிடம் நின்றாள். அது வேறு ஆளுக்கு என்றார் அவர். அவள் சும்மா பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை.

"இவ்வளவையும் தூக்கிக்கிட்டுப் போறாங்களே முதலாளி, அங்க யாரு இருக்கா அவங்களுக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் எழுந்து போய் ஆயுதப் பெட்டியைக் கிளறும் சத்தம் கேட்டது. வெளியே ஹட்டன் பஸ் ஹாரன் அடித்தது.

பிறகு சுத்தியல் சத்தம். திரையை விலக்கிப் பார்த்தேன். அவர் குந்தியிருந்து, ஓட்டைப் பீப்பாய் ஒன்றின் அடிப்பக்கத்தில் உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"காத்துக்குக் கீழ மூணு. புகைக்கு மேல நீயே ஒன்னு போட்டுக்க. எதுக்குன்னு நான் கேக்கல, நீயும் சொல்லல."

நாகலெட்சுமி பெட்டியை விட்டு வந்தாள். அவர் துளை போட்ட பீப்பாய்க்குள் இடுப்பு வரை குனிந்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடை என்றாள். பக்கத்திலிருந்ததற்குள்ளும் குனிந்தாள். அது தேங்காயெண்ணெய் வந்த பீப்பாய்.

"இதுதாங்க," என்றாள் புருஷனிடம்.

என் கணவர் சலித்துக்கொள்ளாமல் அதிலும் மூன்று துளை போட்டார். இருவரும் அதை உருட்டிக்கொண்டு போனார்கள். பஸ் கூரையில் ஏற்ற கண்டக்டர் முணுமுணுத்தது இங்கே கேட்டது.

மாலையில் அவர் கடைக்கதவைச் சாத்திவிட்டு, சாவி எடுத்துப் பச்சைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எங்கள் கம்பளிகள், பிள்ளைகளின் உடுப்புகள், என் நிக்காஹ் சேலை. எங்கள் பூர்வீகமான காயல்பட்டினத்துக்குப் போவதென்று நான் மடித்து வைத்தவை. அங்கே எங்களுக்கும் யாரும் மிச்சமில்லை.

மேலே இருந்த கம்பளியை உதறி என்னிடம் கொடுத்தார். குளிருகிறது, போர்த்திக்கொள் என்றார்.

நான்கு வருடத்தில் அணை கட்டி, பழைய டவுன் தண்ணீருக்குள் போனது. கடையை மேட்டுக்கு மாற்றினோம். பச்சைப் பெட்டி போன பயணம் அவ்வளவுதான். அழகுமுத்து மூன்று பீப்பாய்கள் மாற்றினான், எல்லாம் எங்கள் கடையில் வாங்கியவை. எழுபத்தொன்பதில் காய்ச்சலில் இறந்தான். என் கணவரை இங்குள்ள பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினோம். நாகலெட்சுமி மகளோடு லயத்தில் இருக்கிறாள். புகை போடுவது இப்போது மகள். நான் கடைக்குப் பின்னால் இருக்கிறேன்.