மினாமோவின் இலையுதிர்காலச் செய்தி

"எழுந்திருங்க. வணங்குங்க. உட்காருங்க!"

அந்த ஜப்பானியத் தீவுப் பள்ளியின் வகுப்புத் தலைவி மினாமோவுக்கு ஏழு வயது. கரும்பலகை முன் நின்று அன்றைய செய்தியைச் சொன்னாள்.

"இன்னைக்கு நம்ம தீவுக்கு மேல முந்நூறு பருந்து தெற்கே போச்சு. ஒண்ணுகூட சிறகை அடிக்கல."

"சும்மா அளக்காதே!" என்றது கடைசி வரிசை.

"தொக்குஜி சான், கையைத் தூக்கிட்டுப் பேசணும்."

கை உயர்ந்தது. "அடிக்காம எப்படிப் பறக்கும்?"

"சூடான காத்து மேல ஏறும்ல, அது தூக்கிட்டுப் போகும். அதோ, இன்னும் வருது!"

வகுப்பே சன்னலுக்கு ஓடியது. வானம் நிறையப் பருந்துகள்.

"நாப்பது வருஷமா இங்க படகு ஓட்டறேன். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கலையே" என்றார் தொக்குஜி.

அந்தப் பள்ளியில் மாணவி மினாமோ ஒருத்திதான். அவள் செய்தியைக் கேட்க ஆள் வேண்டுமே என்று, தினமும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வருகிறது ஊர்.

"செய்தி இன்னும் முடியல. உட்காருங்க!"

தீவே உட்கார்ந்தது.