அனுபவ பாத்தியம்

"இந்தக் கறுப்புப் புள்ளி யாரோடது?" சர்வேயர் திரையில் விரலை வைத்தார்.

"என்னோடதுங்க." கேள்வி முடிவதற்குள்ளேயே அண்ணன் பதிலைச் சொல்லிவிட்டார்.

போன வருடம் வானத்திலிருந்து எடுத்த படம். இரண்டு வயல்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தரிசு. அதன் மூலையில் கறுப்பு வட்டமாகப் பழைய கிணறு.

அந்தத் துண்டுக்காக அண்ணனும் தம்பியும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் புது ஃபோன் வாங்கி, வரைபடத்தில் தன் நிலத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார். கோடு அந்தத் துண்டையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போனது. அதைச் சொந்தபந்தம், சம்பந்தி வீடு, தம்பியின் மச்சான் வரை எல்லோருக்கும் அனுப்பினார். ஊரில் அவருக்குப் பெயரே 'சாட்டிலைட்' என்றாகிவிட்டது.

தம்பி சுவரோர பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து அவன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

இருவரையும் காலை எட்டு மணிக்கே சர்வே ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மதியம் தாண்டித்தான் உள்ளே கூப்பிட்டார்கள். சர்வேயருக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு இன்னொருவர் இருந்தார். அவர் காலணி முழுக்க ஈர மண்.

மேலதிகாரியாக இருக்கும், நிலத்தையே நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். திருப்தியாக இருந்தது.

"பத்திரத்துல எல்லை தெளிவா இல்ல," என்றார் சர்வேயர். "அனுபவ பாத்தியம் யாருக்குன்னுதான் பாக்கணும். இத்தனை நாளா அந்த இடத்துல யாரு கை பட்டிருக்கு? அதான் கேள்வி."

"என் கைதாங்க. வேற எவன் கையும் படல."

நோட்டுப் புத்தகக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "போன வாரம் குடும்ப குரூப்புல ரெண்டு படம் போட்டது நீங்கதானா?"

"நானேதாங்க!" அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "தேதியை மாத்தினா பழைய படம் வருதுங்க. போன வருஷம் ரெண்டாவது மாசம், கிணறு திறந்து கிடக்கு. நாலாவது மாசம் பாருங்க, மூடி உழுதாச்சு. மேல இருக்கிற கண்ணு பொய் சொல்லாதுங்க. டீ வாங்கிக் குடுத்து மடக்கவும் முடியாது."

சர்வேயர் தேதியை மாற்றினார். கறுப்பு வட்டம் இருந்த இடத்தில் மண் நிறம் வந்தது.

"மூடினது யாரு?" என்றார் நோட்டுப் புத்தகக்காரர்.

அண்ணன் ஒரு கணம் தயங்கினார். மூன்றாவது மாதம் முழுக்க அவர் ஊரிலேயே இல்லை. மகளின் பிரசவத்துக்காக வெளியூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தார். திரும்பி வந்தபோது கிணறு இல்லை, புதுமண்தான் இருந்தது. இடத்தை வளைக்கத் தம்பி பார்த்த வேலை என்று அப்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதை இப்போது சொன்னால் இடம் தம்பிக்குப் போய்விடும்.

"நான்தாங்க மூடினேன்."

"எப்போ?"

"மூணாவது மாசம்."

"கூட யாரு?"

"யாரும் இல்லீங்க. பதினெட்டு டிராக்டர் மண்ணு. ஒத்தை ஆளா நின்னு தள்ளினேன்."

"ஒத்தை ஆளா," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். "எதுக்கு மூடினீங்க?"

"பாழுங்கிணறுங்க. யாராவது விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் சண்டைக்குத் தயாரானார். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் தொண்டை வரை வந்து நின்றன.

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணன் சொல்றது நெசம்தான். அவருதான் மூடினாரு. எனக்கும் அந்த இடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வசவுகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

"என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன்டா நீ," என்றார். "வீட்டுக்கு வா. இனிமே ரெண்டு வேளையும் அண்ணி கையால சாப்பிடு."

தம்பி கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். அண்ணன் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கையெழுத்தைப் பேனா முனை தாளில் பதியும்படி அழுத்திப் போட்டார். தம்பி சாட்சியாகப் போட்டான்.

ஃபோன் அடித்தது. ஈர மண் காலணிக்காரர் எடுத்தார்.

"எத்தனை அடியில?" என்று கேட்டார். பிறகு, "சரி. யாரையும் கிட்ட விடாதீங்க."

ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அண்ணன் கை கூப்பினார்.

"அப்போ இடம் எனக்குத்தானுங்களே?"

"இடம் உங்களுதுதான். உள்ள கிடந்த உங்க தம்பி பெண்டாட்டிக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."