பதினோரு ஆம்பியர்

"இன்னா பாய், எங்க மொதலாளி பெரிய ரிலே கேட்டா, நீங்க சின்னத எடுத்து வெக்கிறீங்க?"

கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் சுபைர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே நின்ற கொளஞ்சியப்பன், கச்சிராயபாளையத்தில் பொன்னுரங்கத்தின் ரைஸ்மில்லில் மோட்டார் ஓட்டுபவன்.

"மோட்டார் எத்தினி எச்.பி.?"

"ஏழரை."

"அது இழுக்கிறது பதினோரு ஆம்பியர். உங்க மொதலாளி கேக்குற ரிலே இருபது தாண்டினாலும் வாயத் தொறக்காது, கரண்ட நிறுத்தாது. அதுக்குள்ள மோட்டார் வெந்துடும்."

"அடிக்கடி ட்ரிப் ஆவுதுன்னு குதிக்கிறாரு பாய். போன வருஷமும் இப்படித்தான். அவரு சொன்னத மாட்டினேன், மோட்டார் எரிஞ்சிபோச்சி. பழி எனக்கு. நாலு மாசம் வேலயில்லாம பொண்டாட்டியோட கரும்பு வெட்டப் போனேன். இன்னொரு வாட்டி ஏதாச்சும் ஆச்சின்னா என்ன சும்மா வுடமாட்டாரு."

சுபைருக்கு எரிச்சல் வந்தது. எங்கேயும் இதே கதைதான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

"அவரு நெல்ல ஜாஸ்தி போட்டு அரைக்கச் சொல்றாரு, அதான் ட்ரிப் ஆவுது. நீ கம்மியா போட்டு ஓட்டு. ப்யூஸ்ல கையில கெடச்ச கம்பிய சுத்தாத, இந்த ப்யூஸ் கட்டைய மாட்டு. மோட்டார் சூடானா ரிலே நிறுத்தும், ஷார்ட் ஆனா ப்யூஸ் நிறுத்தும். ஒரு பொறி வராது."

ஸ்க்ரூ டிரைவரால் ரிலேயின் முள்ளைப் பதினொன்றில் திருப்பி வைத்தார். ரசீதில் மோட்டாரின் குதிரைத்திறன், ரிலேயின் அளவு, வாங்கியவன் பெயர் எல்லாவற்றையும் எழுதி, கடை முத்திரையும் குத்தினார்.

"பத்திரமா வெச்சிக்க. நாளைக்கு ஏதாச்சும்னா இதுதான் உன்னக் காப்பாத்தும்."

கொளஞ்சியப்பன் ரசீதை நாலாய் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

"நாளைலேர்ந்து ரோடு மறியல் பாய். ஊரே போவுது, நானும் போறேன். நம்மதான் இப்படி ஆயிட்டோம். புள்ளையாவது படிச்சி ஒரு வேலைக்குப் போவணும் இல்ல?"

எண்பத்தேழாம் வருடத்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம் அது. வெட்டிய புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, சரக்கு இல்லை. ஒரு வாரம் கடை பூட்டியே கிடந்தது.

கடையைத் திறந்த அன்றே எதிர்ச்சாரியில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கி வந்து, நாலாய் மடித்திருந்த ரசீதை மேஜைமேல் விரித்தார்.

"பொன்னுரங்கம் மில்லு எரிஞ்சிபோச்சி. இது உங்க பில்லுதானே? கொளஞ்சியப்பன்தான் குடுத்தான்."

சுபைர் ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாவி முதலாளி, மறுபடியும் கொளஞ்சி தலையிலேயே பழியைக் கட்டிவிட்டானா!

"என்னுதுதான் சார். கொளஞ்சி மேல ஒரு தப்பும் இல்ல. ரிலேய நானே பதினொண்ணுல வெச்சிக் குடுத்தேன்."

"அவன் அதைத்தான் மாட்டியிருக்கான், பார்த்தோம். அப்ப கரண்டால தீ புடிச்சிருக்காதுன்றீங்க?"

"புடிக்கவே புடிக்காது சார். எங்க வந்து வேணாலும் சொல்றேன்."

"எழுதிக் குடுங்க."

சுபைர் உட்கார்ந்து நிதானமாக எழுதினார். ஒரு எழுத்து கூடக் கோணவில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தபோது மனசு லேசானது. ஒரு ஏழையைக் காப்பாற்றிவிட்டோம்.

எஸ்.ஐ. காகிதத்தை மடித்தார்.

"ரொம்ப ஒத்தாசை பாய். மொதலாளியும் இதேதான் சொல்றாரு. கரண்டால எரிஞ்சதுன்னா அவருக்கு ஒண்ணும் கெடைக்காது. மறியல்காரங்க கொளுத்தினாங்கன்னாத்தான் கவர்மெண்ட்டு நஷ்டஈடு. மில்லு சாவியும் வெச்சிக்கினு மறியலுக்கும் போனவன் ஒருத்தன்தான் இருக்கான்."

சுபைர் எழுந்து வாசலுக்கு ஓடினார். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து, விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டுச் சிரித்தான் கொளஞ்சியப்பன்.

"பாய், நான் சரியான ரிலேதான் மாட்டினேன்னு சொல்லிட்டீங்க இல்ல?"